பல்கலைக்கழகமும் வட்டார நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகும் ஏன் எதுவும் நடப்பதில்லை?

ஒப்பந்தத்தோடு ஆள் போவதில்லை, அதனால்தான். என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

பிஎச்.டி. செய்தபோது, உலோகப் பாகங்களுக்குப் பெயின்ட் பூசும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் ஒன்பது மாதம் இருந்தேன். பூச்சில் எப்போது கொப்புளம் வரும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். லேபில் அழகாக வேலை செய்த எங்கள் முறை, அங்கே போனதும் தப்புத் தப்பாகச் சொன்னது. மூன்று வாரம் கணக்கையே திருத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் ஷிப்ட் சூப்பர்வைசரின் நோட்டைப் புரட்டியபோது, சில தேதிகளின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ‘க’ என்று எழுதியிருந்தது. என்னவென்று கேட்டேன்.

“பின்கதவு திறந்து கிடந்த நாள் தம்பி. லாரி வந்தா திறப்போம். ஈரக்காத்து உள்ள வந்துட்டா அன்னிக்குக் கொப்புளம் ஜாஸ்தி.”

எங்கள் தரவில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லை. லேபில் எந்நேரமும் ஏசி ஓடியதால் அது மாறியதே இல்லை, நாங்களும் யோசிக்கவில்லை. அந்த ஒற்றை எழுத்து எந்த ஆய்வுக் கட்டுரையிலும் கிடைத்திருக்காது. அறிவு பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே போவது மட்டும்தான் பரிமாற்றம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய பிழை என்று அன்றுதான் புரிந்தது.

அமெரிக்காவில் 1980-இல் வந்த பை-டோல் சட்டம், அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழி செய்தது. அதைப் பார்த்துப் பல நாடுகள் காப்புரிமை, உரிமம் என்று இறங்கின. மருந்து போன்ற துறைகளுக்கு அது சரி. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் காப்புரிமை ஆவணத்தை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

எனக்கு அதைவிடப் பிடித்தது பழைய வழிதான். அதே அமெரிக்காவில் 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கப் பணிக்கு, அதாவது ஆராய்ச்சியில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டுபோகும் வேலைக்கு, நிதி கொடுத்தது. அலுவலர்கள் விவசாயிகள் இருக்கும் ஊர்களிலேயே தங்கி வேலை பார்த்தார்கள். பிரிட்டனில் 1975-இல் தொடங்கிய ஒரு திட்டம், இப்போது ‘அறிவுப் பரிமாற்றக் கூட்டாண்மை’ என்ற பொருள்படும் பெயரில் நடக்கிறது. பட்டதாரி ஒருவர் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நிறுவனத்திலேயே வேலை செய்வார், பேராசிரியர் வழிகாட்டுவார், செலவை அரசும் நிறுவனமும் பகிர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, பேராசிரியருக்குப் பதவி உயர்வு கட்டுரை எண்ணிக்கையை வைத்துத்தான் என்றால், அவர் எதற்காகப் பட்டறைப் பக்கம் வரப்போகிறார்? என் கைடு வந்தார், ஆனால் அவருடைய ஆண்டறிக்கையில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

உங்கள் பல்கலைக்கழகம் அடுத்த ஒப்பந்தம் போடும்போது, எந்த மாணவர், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மாதம், அங்கே அவருக்குப் பதில் சொல்லப்போவது யார் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இல்லையென்றால் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.