வாசகர் கேள்வி பதில்: கதை தெரிஞ்ச பிறகும் ஏன் விட மாட்டேங்குது?

கேள்வி: பொன்னியின் செல்வனை நாலாவது தடவையா படிச்சிட்டு இருக்கேன். கதைதான் தெரியுமேன்னு வீட்ல ஒரே கேலி. தெரிஞ்ச கதையையே திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறது எது? (திருச்சி வாசகர்)

பதில்: கதைக்காக மட்டும் படிச்சிருந்தா ஒரு தடவையோட போதும்னு விட்டிருப்பீங்க சார். அடுத்து என்னன்னு இழுத்துட்டுப் போறது வேற, மனசுக்குப் பிடிச்சுப் போறது வேற. கல்கி 1950லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதுனவரு, அத்தியாயத்தை எந்த இடத்துல நிறுத்துனா ஜனங்க அடுத்த இதழுக்கு அல்லாடுவாங்கன்னு அவருக்கு அத்துப்படி. ஆனா அந்த சஸ்பென்ஸ் எல்லாம் முதல் வாசிப்போட சரி. ரெண்டாவது தடவை படிக்கிறப்போ திரைக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரியும், அப்பவும் படிக்கிறோம்னா, என்னைக் கேட்டா, அது நம்ம கூட வர்ற ஆளுக்காகத்தான்.

தொடக்கத்தை எடுத்துப் பாருங்க. தலைப்பு, பின்னாடி ராஜராஜ சோழனா ஆன அருள்மொழிவர்மனோட பேரு, ஆனா முதல் அத்தியாயத்துல வர்றது அவரில்ல, ஆடிப்பெருக்கு அன்னிக்கு வீரநாராயண ஏரிக்கரையில குதிரை மேல வர்ற வந்தியத்தேவன்னு ஒரு வாலிபன், சோழ நாட்டுக்கே புதுசு, ஏரியையும் ஜனங்களையும் வாயைப் பொளந்து பார்த்துட்டு இருக்கான். அரண்மனைக்குள்ள நடக்கிற அரசியல் அவனுக்கும் தெரியாது நமக்கும் தெரியாது, கடம்பூர் மாளிகையில ராத்திரி நடக்கிற சதியை அவன் ஒளிஞ்சு கேக்குறப்பதான் நாமளும் கேக்குறோம். வாய்த்துடுக்குல மாட்டிக்குவான், வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லித் தப்பிப்பான், அழகான முகத்தைப் பார்த்துட்டா வந்த வேலையை மறந்துடுவானோன்னு நமக்கே பதைக்கும். இதையே இளவரசர் பக்கம் நின்னு சொல்லியிருந்தா மரியாதையா கும்பிட்டுட்டு புத்தகத்தை மூடியிருப்போம், இவ்வளவு ஒட்டியிருக்க மாட்டோம். இத்தனைக்கும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல அருள்மொழிவர்மனோட அக்கா குந்தவையோட கணவர்னு வல்லவரையர் வந்தியத்தேவர் பேரு வருதே தவிர அவரைப் பத்தி சரித்திரத்துல பெருசா ஒண்ணும் கிடையாது, அந்த வெத்து இடத்துல கல்கி புகுந்து விளையாடிட்டாரு.

இன்னொண்ணு, முடிவு. அருள்மொழிவர்மனோட அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு ஆணி அடிச்ச மாதிரி ஒரு பேரைச் சொல்லாமதான் அஞ்சு பாகத்தையும் முடிச்சாரு. தொடர் சட்டுனு முடிஞ்சிட்ட மாதிரி இருக்குன்னு அப்பவே வாசகர்கள் சண்டைக்கு வந்து, அவரும் ஒரு முடிவுரை எழுதி அப்புறம் யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. ஒரு நாவல்ல வர்ற ஆளுங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்குறாங்கன்னா என்ன அர்த்தம், இருக்கிறவங்களைப் பத்தி விசாரிக்கிற மாதிரிதானே விசாரிச்சிருக்காங்க! உங்க வீட்ல கேலி பண்றவங்க கையில முதல் பாகத்தைக் கொடுத்துட்டுப் பேசாம இருங்க.

கேள்வி: தி.ஜானகிராமனோட மோகமுள் நாவல் எங்க அம்மாவுக்கு உயிர். எனக்கு 22 வயசு, கதாநாயகன் பாபு மேல எரிச்சல்தான் வருது. என் மேல தப்பா? (கும்பகோணம் வாசகி)

பதில்: தப்பெல்லாம் இல்லம்மா. தன்னைவிட பத்து வயசு மூத்த யமுனா மேல பைத்தியமா அலையுறான், பாட்டு ஒரு பக்கம் கூப்பிடுது, ஒண்ணையும் உருப்படியா செய்யாம தவிக்கிறான், உங்க வயசுல அவனைப் பார்த்தா ரெண்டு அறை விடணும்னுதான் தோணும். ஆனா தி.ஜானகிராமன் பாபுவை மட்டும் நம்பி அந்த நாவலை எழுதல. பாபுவோட பாட்டு வாத்தியார் ரங்கண்ணா இருக்காரே, சங்கீதத்தைத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியாத மனுஷன், அவர் வர்ற பக்கங்களை மட்டும் தனியா படிச்சுப் பாருங்க. அப்புறம் அந்தப் பேச்சு. தஞ்சாவூர்க்காரங்க பேசுறதை அப்படியே காதுல விழ வைக்கிறாரு, அவர் விவரிக்கவே தேவையில்ல, பேச்சை வச்சே யாரு எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சிடும். நீங்க கும்பகோணத்துலயே இருக்கீங்க, அந்தத் தெருவும் காவிரியும் உங்களுக்கு தினம் பார்க்கிறது, அதனாலயே ஒண்ணும் விசேஷமா படாம இருக்கலாம். வேற ஊருக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம் கழிச்சு எடுங்க. அப்பவும் எரிச்சல் வந்தா அம்மாவோட ரசனை அம்மாவுக்கு, உங்களோடது உங்களுக்கு, விடுங்க.

கேள்வி: நூறு பக்கம் படிச்சும் ஒட்டலன்னா முடிச்சே ஆகணுமா?

பதில்: வேணாம்.

கேள்வி: ஹீரோ, ஹீரோயின், காதல் எதுவுமே இல்லாத நாவல் ஒண்ணு மனசுல நிக்குமா? நண்பர் ஒருத்தர் ஒரு புளியமரத்தின் கதையைப் படின்னு நச்சரிக்கிறார். (நெல்லை வாசகர்)

பதில்: நச்சரிக்கிறவர் நல்ல நண்பர். சுந்தர ராமசாமியோட அந்த நாவல் 1966ல வந்துச்சு, அதுல ஹீரோன்னு சொன்னா ஊர் ஜங்ஷன்ல நிக்கிற மரம்தான், அதைச் சுத்தி கடைங்க வருது, வியாபாரப் போட்டி வருது, முனிசிபல் எலெக்‌ஷன் வருது, யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணாத மரத்தை ஆளாளுக்கு இழுத்து அடிக்கிறாங்க. எனக்கு அதுல முதல்ல பிடிச்சது ஊருக்குக் கதை சொல்ற தாமோதர ஆசான்தான். அந்த ஆளு கதை சொல்லத் தொடங்குனா உண்மையா புருடாவான்னு கேக்கவே தோணாது, பசங்க கூட்டமா சுத்தி உக்காந்து கேக்குறாங்க பாருங்க, அதுல நாமளும் போய் உக்காந்துடுறோம். ஆசான் பாதியிலயே காணாமப் போறப்ப எனக்குக் கோவமே வந்துச்சு, இப்படி ஒரு ஆளை எப்படி சார் விட மனசு வருதுன்னு. ஆனா அதுக்குள்ள மரத்து மேல பாசம் வந்துடுது, அப்புறம் ஆசான் இல்லாமலே கடைசி வரைக்கும் போயிடுறோம். உங்க நெல்லைக்குப் பக்கத்து நாகர்கோவில் வாடைதான் புத்தகம் பூரா அடிக்கும், உங்களுக்கு சுலபமா ஒட்டிக்கும்.

கேள்வி: என் பையன் பொன்னியின் செல்வனை போன்ல ஆடியோவா கேக்குறான். இதெல்லாம் படிக்கிறதுல சேர்த்தியா? (சேலம் வாசகி)

பதில்: தாராளமா சேர்த்தி. தொடரா வந்த காலத்துல வீட்ல ஒருத்தர் சத்தமா படிக்க மத்தவங்க சுத்தி உக்காந்து கேட்டதும் உண்டு, எழுத்து தெரியாத பாட்டிமாருக்கும் பழுவேட்டரையரைத் தெரிஞ்சது அப்படித்தான். வாராவாரம் கிழிச்சு எடுத்து பைண்டு பண்ணி வச்ச வால்யூம் ஏதாவது சொந்தக்காரங்க வீட்டுப் பரண்ல கிடந்தா மட்டும் வாங்கி அவன் கையில கொடுங்க, தொடருக்கு ஓவியர் மணியம் வரைஞ்ச படத்தை காதால பார்க்க முடியாதே. அஞ்சு பாகமும் கேட்டு முடிச்சதும் நந்தினி யாரோட பொண்ணுன்னு கேளுங்க. டக்குனு பதில் சொல்லிட்டான்னா எனக்கும் ஒரு லெட்டர் போடுங்க.