ஐந்து ஞாயிறு போனேன், ஒருவரும் பெயர் கேட்கவில்லை

வாசகியின் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 64. மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் இறந்த பிறகு, ஒரு வருடமாகச் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனும் மருமகளும் ஒரு சுயாதீன சபைக்குப் போகிறார்கள். குளிரூட்டப்பட்ட மண்டபம், மூன்று மணி நேர ஆராதனை. டிரம்ஸ் அடித்தால் நெஞ்சு அதிர்கிறது. திரையில் ஓடும் பாட்டு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. பழைய பாமாலைப் பாட்டு இல்லை, எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம் இல்லை. அதனால் ஆட்டோ பிடித்து ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குப் போனேன். ஆராதனை முறைமையைக் கேட்டதும் அழுதுவிட்டேன். ஆனால் ஐந்து ஞாயிறு போயும் ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு அம்மா வந்து, "இது எங்கள் குடும்பம் உட்காரும் பெஞ்சு" என்று சொன்னார். மகன், "ஒரே ஆண்டவர்தானே அம்மா, ஒரு வீட்டிலிருந்து இரண்டு சபை எதற்கு?" என்று கேட்கிறான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, முகம் வாடிவிட்டது. ஊர்க் கோயில் ஆராதனையை யூடியூபில் பார்க்கலாமே என்கிறாள். நான் பிடிவாதக்காரியா? குடும்பத்தைப் பிரிக்கிறேனா? இன்னொரு சின்னக் கேள்வி. ஊரில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பாயில் உட்காருவோம். இங்கே எல்லோரும் செருப்போடு உள்ளே போகிறார்கள். எனக்கு மனம் கூசுகிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பிடிவாதக்காரி என்ற பட்டத்தை முதலில் கழற்றி வையுங்கள். அறுபது வருடம் வாயில் ஊறிய பாட்டை ஞாயிற்றுக்கிழமை பாட ஆசைப்படுவது பிடிவாதம் என்றால், காலையில் காப்பி கேட்பதும் பிடிவாதம்தான். தனியாகப் போங்கள். இதில் பாவமும் இல்லை, பிரிவினையும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. டிரம்ஸைப் பற்றி மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள், பெஞ்சைப் பற்றிப் பதினொரு வரி. (அத்தனையையும் இங்கே அச்சிடவில்லை.) மகன் போகும் சபையில் உங்களுக்குக் காதுதான் வலிக்கிறது. நீங்களே தேடிப்போன ஆலயத்தில்தான் மனசு வலித்திருக்கிறது. ஆகவே அதைப் பற்றி முதலில் பேசுவோம்.

நான் பாளையங்கோட்டையிலிருந்து 1983இல் சென்னைக்கு வந்தேன். கணவருக்கு மாற்றல். நகரத்தின் நடுவில் ஒரு பெரிய ஆலயம். நான்கு மாதம் போனேன். ஆராதனை முடிந்ததும் கூட்டம் வாசலை நோக்கிப் பாயும், நானும் பாய்வேன். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுத ஞாயிறுகூட உண்டு. பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. ஆலய வளாகத்தில் பந்தல் போட்டுக் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காயை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன வேகம் வந்ததோ, கையைத் தூக்கி நாற்பது ரூபாய் என்றேன். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பூசணிக்காய் என் மடியில். நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பெரியவர் வந்து, "பெயர் சொல்லுங்கள் அம்மா" என்றார். அந்த ஆலயத்தில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான், அதுவும் நாற்பது ரூபாய் பாக்கிக்காக. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் பேச்சைக் கேட்டு, "பாளையங்கோட்டையா? எந்தத் தெரு?" என்றார். பூசணிக்காயில் பாதி அவர் வீட்டுக்குப் போனது. அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு அவரே வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்குத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நகரத்து ஆலயத்தில் ஞாயிறு வாசல் வழியாக உள்ளே நுழைய முடியாது. ஊரில் ஆராதனை முடிந்தால் வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நிற்போம். யார் வீட்டில் காய்ச்சல், யார் பிள்ளை வெளிநாடு போகிறான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இங்கே ஒரே காலையில் இரண்டு, மூன்று ஆராதனை. முதல் ஆராதனைக்காரர் காரை எடுத்தால்தான் இரண்டாம் ஆராதனைக்காரர் காரை விடமுடியும். காவலாளி விசில் அடித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சந்தடியில் உங்களைப் பார்க்கிறவர்கள், இவர் அடுத்த ஆராதனைக்கு வழக்கமாக வருபவராக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்நெஞ்சம் கொஞ்சம், குழப்பம் நிறைய.

ஆகவே கிழமை நாளில் போங்கள். ஆராதனையின் நடுவே அறிவிப்புகள் வாசிப்பார்களே, நம்மில் பலர் காணிக்கைக்குச் சில்லறை தேடும் நேரம், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் என்றைக்குக் கூடுகிறது, உங்கள் பகுதி ஜெபக்கூட்டம் யார் வீட்டில், உபவாச ஜெபம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் வரும். பகுதி ஜெபக்கூட்டத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். அங்கே பெயர் கேட்காமல் யாரும் தப்பிக்க முடியாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் வாரநாள் ஆராதனைகளுக்கும் போங்கள். பெரிய வெள்ளியன்று மத்தியானம் 12 முதல் 3 வரை உட்கார்ந்து, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் கேட்டவர்கள், வெளியே வரும்போது பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வருவார்கள். மூன்று மணி நேரம் ஒன்றாக வியர்த்தவர்கள் அல்லவா!

ஆயரை ஞாயிறன்று வாசலில் கை குலுக்கும்போது பிடிக்காதீர்கள். தொலைபேசியில் நேரம் கேட்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். உங்கள் ஊர் ஆயரான சேகர குருவிடம் சபை மாற்றத்துக்கான கடிதம் வாங்கிக் கொடுத்தால் பெயர் பதிந்து சந்தாவும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு காரியத்தை யோசியுங்கள். உங்கள் கணவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். உங்களையும் அங்கேதான் வைக்க வேண்டும் என்று நினைத்தால், மகனிடம் இப்போதே சொல்லிவிட்டு, ஊர்ச் சபையில் பெயரையும் சந்தாவையும் விடாமல் வைத்திருங்கள். இங்கே கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தின் இடநெருக்கடி ஊரறிந்தது. நாளைக்கு ஒரு நெருக்கடியில் மகன் ஓடி ஓடிக் கேட்க வேண்டியதை, இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஐந்து நிமிடத்தில் பேசிவிடலாம். சாவுப் பேச்சு என்று மகன் தடுப்பான். தடுக்கட்டும், சொல்லிவிடுங்கள்.

பெஞ்சு அம்மாவுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஆலயப் பெஞ்சுக்கு வாடகை கட்டி உட்கார்ந்தார்கள். இங்கே வாடகை கட்டாமலே சிலர் பட்டா வாங்கி வைத்திருக்கிறார்கள். சண்டை வேண்டாம். அடுத்த ஞாயிறு அதற்கு நேர் பின்னால் உள்ள பெஞ்சில் உட்காருங்கள். ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் கூறும் நேரத்தில் அவர் திரும்பித்தானே ஆக வேண்டும்? இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு விடுங்கள்.

அந்தக் கை கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லலாம். ஒரே ஆண்டவர், எதற்கு இரண்டு சபை என்ற கேள்வியை அவனுக்கு முன்பே நம் பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நான்கு வழியில் வந்தவர்கள் வருடக்கணக்காகப் பேசி, 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, இதே சென்னையில் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றானார்கள். தேசம் சுதந்திரம் பெற்று ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. 1950இல் வந்த அதன் ஆராதனை முறைமையில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த சமாதானம் கொடுக்கும் வழக்கத்தைச் சேர்த்தார்கள். மற்ற நாட்டுச் சபைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆனாலும் பாருங்கள், எழும்பூர் ஆண்ட்ரூஸ் கிர்க் ஆலயத்துக்குப் போனால் ஸ்காட்லாந்து வாசனை இன்னும் அடிக்கும், ராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்தில் மெதடிஸ்ட் வாசனை. எல்லாம் ஒரே திருச்சபைதான். ஒன்றாவதற்கு அவர்கள் யாரும் தங்கள் பாட்டைத் தொலைக்கவில்லை.

அதே நேரத்தில், மகனின் சபையைக் கீழாகப் பேசாதீர்கள். இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் அந்தத் தொனி எட்டிப் பார்க்கிறது. உங்கள் மகாபலிபுரம் சாலையில் வேலைக்கு வந்து குவிந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயதில் பெட்டியோடு வந்து, ஒரு அறையில் நான்கு பேராகத் தங்கி, இரவுப் பணி முடித்துத் தூங்காத கண்ணோடு இருந்தபோது, அவர்களைத் தேடிப் பிடித்தவை பெரும்பாலும் அந்த மண்டபச் சபைகள்தான். நம் சபைகளோ பிள்ளைகள் சந்தா கட்டவில்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தோம். உங்கள் மகன் வீட்டில் வாரம் ஒரு நாள் ஜெபக்குழு கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெளியே வாருங்கள். டிரம்ஸ் இருக்காது, ஒரு கிட்டார்தான் இருக்கும். பத்துப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், உங்கள் ஊர்க் கோயில் போலவே. ஒரு ஜெபம் நீங்கள் செய்யுங்கள்.

பாட்டு விஷயத்திலும் நாம் அதிகம் நெஞ்சு நிமிர்த்த முடியாது. நீங்கள் ஏங்கும் பாமாலைகள் பாதிக்குமேல் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்த மெட்டுகள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனெரிகளோடு கப்பலில் வந்த பாட்டுகளும் அதில் உண்டு. ராகம், தாளம் போட்டு அச்சிடும் கீர்த்தனைகள் பிறகு வந்தவை. முதன்முதலில் ஒரு கீர்த்தனையைக் கேட்ட பாட்டி ஒருத்தி, "இது என்ன கோயிலில் கச்சேரி?" என்று முகம் சுளித்திருக்கமாட்டாள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

யூடியூப் யோசனையை மருமகள் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறாள். 2020இல் ஆலயங்கள் மூடிக் கிடந்தபோது நாமும் குளித்து, சேலை மாற்றி, முக்காடு போட்டுக்கொண்டு கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்தான். உடம்புக்கு முடியாத நாளில் ஊர் மணியோசையை அதில் கேளுங்கள். வாராவாரம் வேண்டாம். ஆர்மீனியன் தெருவில், 1772இல் கட்டிய ஆர்மீனியன் தேவாலயம் இருக்கிறது. ஆறு பெரிய மணிகள், ஞாயிறு காலையில் இன்றும் ஒலிக்கின்றன, ஆனால் வந்து உட்கார ஆர்மீனியச் சபை இல்லை. ஒருமுறை போய் நின்று கேட்டேன். அழகாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது மனம் என்னவோ போலாகிவிட்டது.

வீட்டில் பேசும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள். "உங்கள் சபை சரியில்லை" என்றால் மருமகள் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்வாள், அவளைத் தாங்கி நின்ற இடம் அது. "எனக்குப் பழகவில்லை, எனக்குக் காது தாங்கவில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. காலை ஆராதனைக்குப் போய்விட்டு, அவர்கள் திரும்பும் முன் வீட்டுக்கு வந்துவிடலாம். மத்தியானச் சாப்பாடு மட்டும் எல்லோரும் ஒன்றாக. அதற்காக ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை முழுவதும் உங்கள் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள், பிறகு கோயிலுக்குப் போனதற்கு அபராதம் கட்டுவது போலாகிவிடும். பேத்தியைக் கட்டாயமாக இழுத்துப் போகவும் வேண்டாம். குருத்தோலை ஞாயிறன்று ஓலையைச் சிலுவையாக மடிக்கக் கற்றுக்கொடுங்கள். அவளே வருகிறேன் என்றால், மகனிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப் போங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெயர் பதிந்து ஓட்டுரிமை வந்த பிறகு, கமிட்டித் தேர்தல் நேரத்தில் திடீரென்று எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரியும். வீடு தேடி வருவார்கள், பழம் வாங்கி வருவார்கள். பழத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அணியில் சேராதீர்கள்.

செருப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உள்ளே போட்டுக்கொண்டு போவதைத் தப்பு என்று இங்கே யாரும் நினைப்பதில்லை, வாசலில் கழற்றினால் சிரிப்பாரும் இல்லை. மனம் கூசினால் கழற்றிவிடுங்கள். நான் நாற்பது வருடமாகக் கழற்றிவிட்டுத்தான் போகிறேன். இரண்டு ஜோடி காணாமல் போயிருக்கிறது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கென்றே பழைய ஜோடி ஒன்று வைத்திருக்கிறேன்.