டெம்ப்ஸ்டர் சாலையில் ஆர்.வி.யோடு ஒரு நாள்: கேள்வி பதில்

கனடாவின் யூக்கானில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியோடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) ஓட்டுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். டூம்ஸ்டோன் பூங்காவில் கிளம்பி ஈகிள் ப்ளெய்ன்ஸ் போய்ச் சேரும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் அதிகம் கேள்விகள், அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 300 கிலோமீட்டர்தானே அண்ணா, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட முடியாதா?

முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள். முழுக்கச் சரளை. நல்ல வெயிலில் 60, 70 வேகம் போகலாம், மழை பெய்துவிட்டால் சில இடங்களில் 40கூட அதிகம்தான், ஏனென்றால் புழுதி அடங்குவதற்காகப் போடும் கால்சியம் குளோரைடும் மண்ணும் ஈரத்தில் சேர்ந்து வழவழவென்று ஆகிவிடும். நடுவில் இறங்கி நிற்கவும் நேரம் வேண்டும். முழு நாளை ஒதுக்குங்கள். கோடையில் இருட்டுமோ என்ற பயம் இல்லை, ஆனால் வெளிச்சம் இருக்கிறதே என்று களைப்போடு ஓட்டிக்கொண்டே போவதுதான் அங்கே ஆபத்து.

கேள்வி: டயர் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, உண்மையா?

உண்மை. அங்கே கிடப்பது உருண்டைக் கல் இல்லை. பல இடங்களில் ஷேல் பாறையை உடைத்துப் போட்டிருக்கிறார்கள், விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டுப்போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். முழு அளவு ஸ்பேர் இரண்டு, உங்கள் வண்டியின் எடையைத் தாங்கும் ஜாக், அந்த ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு கனமான பலகை, இவை இல்லாமல் போகாதீர்கள் (மெத்தென்ற ஓரத்தில் பலகை இல்லாவிட்டால் ஜாக் உள்ளே இறங்கிவிடும்). காற்றைக் குறைத்தால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். காருக்குச் சரி, ஆர்.வி.யின் எடைக்கு டயர் சூடாகிவிடும், எடைக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அதற்குக் கீழே போகவே கூடாது. நான் வண்டி நிறுத்தும்போதெல்லாம் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் காற்று இறங்குகிறது, இல்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: பெட்ரோல்?

சாலை தொடங்கும் முனையில் நிரப்புங்கள். அடுத்தது அந்த முனையிலிருந்து 369ஆவது கிலோமீட்டரில், ஈகிள் ப்ளெய்ன்ஸில்தான். டிரெய்லர் இழுக்கும் பிக்கப் என்றால் கேனில் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாடகை ஆர்.வி.யில் போகலாமா?

ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். பல நிறுவனங்கள் இந்தச் சாலைக்கு அனுமதி தருவதில்லை, மீறிப் போனால் காப்பீடு செல்லாது.

கேள்வி: வழியில் என்ன பார்க்கலாம்? என் மனைவிக்குப் படம் எடுப்பதில் ஆர்வம்.

டூம்ஸ்டோன் முகாமைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே மலைகள் கூர்கூராகத் தெரியும் இடம் வரும், காலையிலேயே நின்றுவிடுங்கள். அப்புறம் எஞ்சினியர் ஓடை: தண்ணீரில் இரும்பு கலந்திருப்பதால் கற்களெல்லாம் துருப்பிடித்த சிவப்பு. ஆகஸ்ட் கடைசியில் போனால் தரை முழுக்கச் செடிகள் சிவந்து கிடக்கும், கொசுவும் குறைந்துவிடும். என்னைக் கேட்டால் அதுதான் சிறந்த நேரம். ஒரு எச்சரிக்கை, சாலை திடீரென்று நன்றாக அகலமாகும் சில இடங்கள் அவசர விமான ஓடுபாதைகள், அங்கே நிறுத்தக் கூடாது, பலகை இருக்கும்.

கேள்வி: சாலை ஏன் வயலுக்கு நடுவே வரப்பு போல இவ்வளவு உயரமாக இருக்கிறது?

நல்ல கேள்வி. அடியில் நிரந்தர உறைமண். வெட்டிச் சாலை போட்டால் உருகிச் சேறாகிவிடும் என்பதால், மேலே சரளையைத் தடிமனாகக் கொட்டிக் குளிரை உள்ளேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். வேலை 1959இல் தொடங்கி 1979இல்தான் சாலை திறந்தது. உங்களுக்கு இதில் முக்கியம் என்னவென்றால், ஓரம் செங்குத்தாக இறங்கும், மண்ணும் கெட்டியில்லை. எதிரே லாரி வந்தால் பதறி ஓரத்துக்கு ஒடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, கெட்டித் தரையிலேயே வலப்பக்கம் ஒதுங்கி, அவர்கள் போன பிறகு புழுதி அடங்கும்வரை பொறுங்கள். கல் தெறித்துக் கண்ணாடி உடைவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கேள்வி: வண்டிக்குள் புழுதி வராமல் இருக்க?

முழுக்கத் தடுக்க முடியாது. மேல் துவாரம், ஜன்னல் எல்லாம் மூடி, கதவு இடுக்கில் டேப் ஒட்டுங்கள், படுக்கை மேல் ஒரு பழைய விரிப்பைப் போடுங்கள். அலமாரி ஸ்குரூக்களை முந்தின இரவே முறுக்கிவிட்டு, தண்ணீர்ப் பம்பை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள், குலுக்கலில் குழாய் இணைப்பு கழன்றால் தொட்டி முழுவதும் தரையில் கொட்டிவிடும்.

கேள்வி: வயதான அம்மாவையும் கூட்டிப் போகிறோம் ஐயா, அவசரம் என்றால்?

அந்த நீளம் முழுவதும் கைப்பேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி ஒன்று கட்டாயம், கிளம்பும் முன் சோதித்துப் பாருங்கள். அம்மாவின் மருந்துகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஈகிள் ப்ளெய்ன்ஸைத் தாண்டி வடக்கே இனுவிக் ஊர் வரை போவதாக இருந்தால் பீல், மெக்கன்சி ஆறுகளைப் படகில் வண்டியோடு கடக்க வேண்டும், ஆற்றின் நிலையைப் பொறுத்து அந்தப் படகு நின்றுபோவதும் உண்டு. மருந்து தீர்ந்துபோன நிலையில் கரையில் காத்துக்கிடக்கக் கூடாது.