ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

முடியும். அரசு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். என் வகுப்பில் பயன்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

தொடக்க ஆண்டுகளில் கரும்பலகையில் 'மரம்' என்று எழுதி, அதே ஓசையில் முடியும் சொற்களைக் கேட்டு வாங்கி, அவற்றைக் கொண்டு பாட்டுக் கட்டச் சொன்னேன். 'கரம்', 'வரம்', 'தரம்' எல்லாம் வந்தன. ஆனால், வீட்டில் 'கை' என்றே சொல்லிப் பழகிய பிள்ளை, ஓசைக்காகக் 'கரம்' என்று எழுதியபோது, தான் தினமும் ஏறி விளையாடும் மரத்தை அடியோடு மறந்துவிட்டது. அது என் தவறு.

இப்போது விடுகதையிலிருந்து தொடங்குகிறேன். தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் 'பிசி' என்று பெயரிட்டு, பாட்டு, உரை முதலியவற்றோடு யாப்பின் ஏழு வகைகளுள் ஒன்றாக வைக்கிறது; உவமையோடு பொருந்தி வருவது அதன் ஒரு வகை என்றும் சொல்கிறது. 'அடிக்காமல் திட்டாமல் கண்ணீரை வரவழைப்பான்' என்றதும் 'வெங்காயம்' என்று கத்தாத பிள்ளை இல்லை. அதன்பின், வீட்டிலுள்ள ஒரு பொருளை, பெயர் சொல்லாமல் சொல்லச் சொல்வேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "எங்கம்மா இடுப்புல உக்காந்து வரும், ஆனா தம்பி இல்ல" என்றாள். விடை, தண்ணீர்க் குடம். "அப்போ தம்பி எங்கே?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "பின்னாடி நடந்து வர்றான்" என்றாள். மறைத்த பெயரைத் திரும்ப வைத்ததும் விடுகதை கவிதையாகிவிட்டது:

குடம்
எங்கம்மா இடுப்புல உக்காந்து வருது.
தம்பி
பின்னாடி நடந்து வர்றான்.

அந்த ஒரு கேள்வியைத் தவிர நான் எதையும் சேர்க்கவில்லை. இந்த வயதில் பிள்ளையின் கை வாயைவிட மிகவும் மெதுவாகவே ஓடும் என்பதால், முதல் சில மாதங்கள் அவர்கள் சொல்லச் சொல்ல நானே கரும்பலகையில் எழுதுவேன். அவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

எதுகை, மோனையைச் செவிவழியாகப் பழக்கினால் போதும், இலக்கணப் பெயர்கள் பிறகு வரட்டும். 'நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா, மலை மேலே ஏறி வா, மல்லிகைப்பூ கொண்டு வா' என்று பாடி, ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்கள் வரும்போது கைதட்டச் சொன்னால், 'நிலா – நில்லாமல்', 'மலை – மல்லிகை' ஆகிய இடங்களை அவர்களே கண்டுபிடிப்பார்கள். 'வா' என்று முடிவதற்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

'உக்காந்து' என்பதை 'உட்கார்ந்து' என்று திருத்த வேண்டாமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அந்தச் சொல்லின் சரியான எழுத்தை மறுநாள் சொல்வதெழுதுதல் நேரத்தில் கற்பித்தேன். கவிதை நோட்டில் அவள் சொன்னபடியே இருக்கிறது.