துருவக் கடலுக்குக் கேமராவோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

துருவப் பகுதிக்குப் புகைப்படப் பயணம் போவது பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லென்ஸைப் பற்றியே கேட்கின்றன. லென்ஸுக்கும் வருகிறேன். ஆனால் கப்பலைத் தேர்ந்தெடுப்பதில் கோட்டைவிட்டால் எந்த லென்ஸும் கைகொடுக்காது. அதனால் அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்டார்டிகா செல்லும் இரண்டு கப்பல்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பி நிற்கிறேன். ஒன்றில் 90 பயணிகள். இன்னொன்றில் 300 பேர், வசதி அதிகம். இரண்டுமே 'புகைப்படப் பயணம்' என்றுதான் விளம்பரம் செய்கின்றன.

பதில்: 90 பேர் போகும் கப்பலில் போங்கள். அண்டார்டிகாவில் ஒரு கரையில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பலிலிருந்து ஒருவரும் இறங்கவே முடியாது. 300 பேர் என்றால் மூன்று அணிகளாகப் பிரிப்பார்கள். மற்ற இரண்டு அணிகள் கரையில் இருக்கும்போது நீங்கள் படகிலோ கப்பலிலோ காத்திருக்க வேண்டியதுதான். 90 பேர் கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கி, நேரம் முடியும்வரை இருக்கலாம். நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்த நேரத்தைத்தான்.

'புகைப்படப் பயணம்' என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. சாதாரணச் சுற்றுலாக் கப்பலில் ஒரு புகைப்படக் கலைஞரை ஏற்றிக்கொண்டு, மாலையில் அவரை ஓர் உரை நிகழ்த்தச் சொல்வது ஒரு வகை. கப்பலின் நேர அட்டவணையையே வெளிச்சத்தை ஒட்டி மாற்றுவது மற்றொன்று. எது எது என்று கண்டுபிடிக்க நிறுவனத்திடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். ஒரு ரப்பர் படகில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? பயிற்றுநர் எங்களோடு படகில் வருவாரா? அதிகாலை மூன்றரை மணிக்கு நல்ல வெளிச்சம் வந்தால் எங்களை எழுப்பிப் படகை இறக்குவீர்களா? பத்துப் பேர் உட்காரக்கூடிய படகில் ஆறேழு பேர் மட்டும் என்று பதில் வந்தால் அவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். 'சூழ்நிலையைப் பொறுத்து' என்று மூன்றுக்கும் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொன்று: இறங்கப்போகும் இடங்களின் பட்டியலைப் பார்த்து மயங்காதீர்கள். காற்றும் பனியும் எந்தப் பட்டியலையும் ஒரே காலையில் மாற்றிவிடும். நாட்களை எண்ணுங்கள். அர்ஜென்டினாவின் தென்கோடித் துறைமுகமான உசுவையாவிலிருந்து கிளம்பும் பத்து நாள் பயணத்தில், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடந்து போகவும் திரும்பவும் மட்டுமே ஏறக்குறைய நான்கு நாட்கள் கழிந்துவிடும்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

பதில்: எதைப் படமெடுக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அண்டார்டிகாவில் நவம்பரில் பனி கால்தடம் படாமல் இருக்கும். பென்குயின்கள் ஜோடி சேர்ந்து கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை குஞ்சுகளின் காலம். பிப்ரவரி, மார்ச்சில் கரையெல்லாம் சேறும் எச்சமுமாக இருக்கும். ஆனால் கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஆர்க்டிக்கில், நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் என்றால், கடற்பனியும் கரடியும் வேண்டுவோர் ஜூன், ஜூலையில் போகலாம். கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சண்ட் பகுதிக்கு செப்டம்பரில் போனால் சிவந்த தூந்திரச் செடிகள், பனிப்பாறைகள், இரவில் துருவ ஒளி மூன்றும் ஒரே பயணத்தில் அமைய வாய்ப்புண்டு. என்னைக் கேட்டால் நவம்பர்.

கேள்வி: கடல் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. டிரேக் நீரிணையை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்குதான் ஆட்டம் குறைவு. மாத்திரையைக் குமட்டல் வந்தபிறகு போட்டால் பயன் குறைவு, கப்பல் திறந்த கடலுக்குள் நுழையும் முன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது சிலருக்குக் கண் பார்வையை, குறிப்பாகக் கிட்டப் பார்ப்பதை, மங்கச் செய்யும். கேமராத் திரையே மங்கினால் என்ன செய்வீர்கள்? மருத்துவரிடம் கேட்டு, வீட்டிலேயே ஒரு நாள் ஒட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: எந்த லென்ஸ்களை எடுத்துச் செல்ல வேண்டும்? முக்காலி தேவையா?

பதில்: 100–400 மி.மீ. போன்ற ஒரு ஜூம், 24–70 மி.மீ. போன்ற ஒன்று. இவை இரண்டும் இரண்டு தனித்தனி கேமராக்களில் மாட்டியே இருக்கட்டும். ரப்பர் படகில் உப்புநீர் தெறிக்கும்போது லென்ஸ் மாற்ற முடியாது. இரண்டாவது கேமரா பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, முதலாவது பழுதானால் அதுவே உங்களைக் காப்பாற்றும். அங்கே கடை கிடையாது.

முக்காலியை வீட்டில் வைத்துவிடுங்கள். கப்பலின் அதிர்வு அதன் கால்கள் வழியாக ஏறிவரும். படகில் முழங்கையைக் காற்றடைத்த விளிம்பில் ஊன்றினாலும் இதே தொல்லைதான். உடம்பையே ஸ்பிரிங்காக்கி, ஷட்டர் வேகத்தை 1/1600 நொடிக்கு உயர்த்தி எடுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு எண்) கூடுகிறதே என்று கவலைப்படாதீர்கள். படத்தில் தெரியும் சிறு புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: குளிரில் கேமரா வேலை செய்யுமா?

பதில்: கோடைப் பயணங்களில் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். அதைக் கேமரா தாங்கும், பேட்டரிதான் சோர்ந்துவிடும். மாற்றுப் பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூடு படும்படி வையுங்கள். தீர்ந்துவிட்டதாகக் காட்டும் பேட்டரியையும் எறியாமல் உள்ளே வைத்துச் சூடேற்றினால் இன்னும் கொஞ்ச நேரம் உழைக்கும்.

குளிரைவிடக் கவனிக்க வேண்டியது, குளிரிலிருந்து சூட்டுக்குள் வரும் அந்த ஒரு நிமிடம். என் முதல் பயணத்தில் இரண்டு மணி நேரம் மேல்தளத்தில் நின்று விறைத்துப்போய், தேநீர் குடிக்க உள்ளே வந்தேன். கேமராவை மேசைமேல் வைத்தேன். கோப்பையைக் கையில் எடுப்பதற்குள் லென்ஸ் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, இடப்பக்கம் திமிங்கிலங்கள் என்று அறிவிப்பு. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெளியே போனதும் அந்த ஈரம் அப்படியே உறைந்து கண்ணாடிமேல் படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க இழுபட்ட கோடுகள். கூப்பிடு தூரத்தில் வால் மூன்று முறை எழுந்து, நீர் வடிய நின்று, அடங்கியது. என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

ஆகவே உள்ளே நுழையும் முன், வெளியில் நிற்கும்போதே கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடுங்கள். உள்ளே வந்து இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். ஈரம் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமராவில் படியாது. அன்றைய படங்களைப் பார்க்கத் துடிப்பவர்கள் மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: பனியைப் படமெடுத்தால் சாம்பல் நிறமாக வருகிறது, ஏன்?

பதில்: கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் ஒளியை, முக்கால் முதல் ஒன்றேகால் ஸ்டாப்வரை கூட்டுங்கள். பென்குயினின் வெள்ளை மார்பில் இறகின் வரிகள் தெரிகின்றனவா என்று மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அது வெளிறிவிட்டால் மீட்க முடியாது. ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) தானியங்கியில் விடாமல் 'பகல் ஒளி' அமைப்பில் நிறுத்தி, ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். பழைய பனிப்பாறையின் நீலம் உண்மையானது: நெடுங்காலம் அழுந்தி அழுந்தி, உள்ளிருந்த காற்றுக் குமிழிகள் ஒடுங்கிப் போகின்றன. அந்த இறுகிய பனிக்குள் வெகுதூரம் பயணிக்கும் ஒளியின் சிவப்பு உறிஞ்சப்பட்டு, நீலம் மிஞ்சி வெளியே வருகிறது. தானியங்கி அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடும். மேகமூட்டமான நாளில் அந்த நீலம் இன்னும் ஆழமாகத் தெரியும். வெயில் வரவில்லையே என்று அறையில் முடங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பென்குயினின் கண்மட்டத்தில் படம் எடுக்கத் தரையில் படுக்கலாமா? எவ்வளவு நெருங்கலாம்?

பதில்: படுக்கக்கூடாது. உட்காரவும் மண்டியிடவும்கூட அனுமதி இல்லை. 2023 அக்டோபரில் தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவிலும், 2024 பிப்ரவரியில் அண்டார்டிகாவிலும் பறவைக் காய்ச்சல் உறுதியானது. நாம் அதை ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குச் சுமந்துபோய்விடக் கூடாது. விலங்குகள் நடமாடும் இடத்தில் பூட்ஸைத் தவிர வேறெதுவும், கேமராப் பையும்கூட, தரையைத் தொடக்கூடாது. பூட்ஸைக் கப்பலில் கிருமிநாசினியில் கழுவுவார்கள். மடக்கித் திருப்பும் திரையுள்ள கேமரா இருந்தால், நின்றபடியே அதைக் கீழே தாழ்த்திப் பிடித்து எடுக்கலாம். பட்டை தோளிலோ மணிக்கட்டிலோ சுற்றியிருக்கட்டும்.

பென்குயினுக்கு ஐந்து மீட்டர், ஃபர் சீல் என்ற கடல்நாய்க்குப் பதினைந்து மீட்டர் இடைவெளி விட வேண்டும். கடலுக்கும் கூட்டுக்கும் இடையே பென்குயின்கள் நடந்து நடந்து பனியில் பள்ளமான தடம் விழுந்திருக்கும். அதை மறித்து நிற்காதீர்கள், கடக்க நேர்ந்தால் அவை போனபிறகு கடங்கள். இறகு உதிர்த்துக்கொண்டு பரட்டையாக நிற்கும் பறவையை விட்டு இன்னும் விலகியே நில்லுங்கள். புது இறகு முளைக்கும்வரை அதனால் கடலில் இறங்கி இரை தேட முடியாது. உங்களைக் கண்டு அது நகரும் ஒவ்வோர் அடியும், சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்து செலவாகிறது.

ஐந்து மீட்டர் தூரம் என்று கேட்கும்போதுதான் குறையாகத் தெரியும். ஒரு நவம்பர் காலை ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். ஜென்டூ இன ஆண் பென்குயின் ஒன்று, கரையிலிருந்து கூழாங்கல் ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு மேடேறி வந்தது. இரண்டு முறை கல் விழுந்தது, இரண்டு முறையும் குனிந்து அதே கல்லைத் தேடி எடுத்தது. கூட்டில் இருந்த துணையின் காலடியில் அதை வைத்துத் தலை வணங்கியது, அதுவும் வணங்கியது. அடுத்த கல்லுக்கு ஆண் திரும்பியதும், பக்கத்துக் கூட்டுக்காரி கழுத்தை நீட்டி அந்தக் கல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. என்னோடு இறங்கியவர்கள் இதற்குள் மூன்று கூட்டங்களைச் சுற்றி வந்துவிட்டார்கள். அந்தப் பயணத்தில் நான் வைத்துக்கொண்ட படங்களில் பாதி அந்த நாற்பது நிமிடத்தில் எடுத்தவை.

கேள்வி: ட்ரோன் கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம். அண்டார்டிகக் கடற்கரைகளில் சுற்றுலா நிறுவனங்கள் பொழுதுபோக்கு ட்ரோனைத் தடை செய்திருக்கின்றன. ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் தடை உண்டு.

கேள்வி: ஸ்வால்பார்டில் பனிக்கரடியின் முகத்தை நெருக்கமாக எடுக்க 600 மி.மீ. லென்ஸ் போதுமா?

பதில்: கணக்கைப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் அங்கே கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். 300 மீட்டரில், முழு அளவுச் சென்சார் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம் சுமார் 18 மீட்டர். கரடியின் நீளம் இரண்டு, இரண்டரை மீட்டர். படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்குதான் அது நிறையும். போதாக்குறைக்கு, பனிக்குமேல் வெவ்வேறு வெப்பத்தில் நிற்கும் காற்று அலையாடி உருவத்தைக் கலைக்கும்.

ஆகவே முகத்தை மறந்துவிட்டு இடத்தைப் பாருங்கள். விரிசல்விட்ட கடற்பனி, அதன் நடுவே நீலக் குட்டை, ஓரத்தில் மஞ்சள் கலந்த வெண்மையில் தனியாக நடக்கும் ஓர் உயிர். தன் வீட்டில் நடமாடும் கரடியைச் சொல்லும் படம் அதுதான். முகம் மட்டும் நிறைந்த படத்தை விலங்குக் காட்சிசாலையிலும் எடுத்துவிடலாம்.

கேள்வி: ஸ்வால்பார்டுக்கு விசா வேண்டாம் என்கிறார்களே?

பதில்: ஸ்வால்பார்டுக்கு வேண்டாம். ஆனால் பெரும்பாலும் நார்வே வழியாகத்தான் போக முடியும், நார்வே ஷெங்கன் பகுதி (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு), ஸ்வால்பார்டு அதற்கு வெளியே. ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டவர் இருமுறை நுழையும் விசா வாங்காவிட்டால் திரும்பும்போது மாட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: எனக்கு 67 வயது, முழங்காலில் வலி உண்டு. போகலாமா?

பதில்: கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, ஆடும் படகுக்குள் கால் வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. படகோட்டி உங்கள் முன்கையைப் பிடிப்பார், நீங்கள் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். விரல்களை மட்டும் பிடித்தால் வழுக்கிவிடும். அந்தக் கணத்தில் கேமரா முதுகுப்பைக்குள் இருக்கட்டும், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க நாட்கணக்கில் ஆகக்கூடிய இடம் அது. அவசர வெளியேற்றச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பவே வேண்டாம். படகில் இறங்க முடியாத நாளில் மேல்தளத்தில் நில்லுங்கள். பனிப்பாறைகளையும் திமிங்கிலங்களையும் அங்கிருந்தும் அருமையாக எடுக்கலாம்.

கேள்வி: நாம் போவதே அந்த இடத்துக்குக் கேடு இல்லையா?

பதில்: கேடு உண்டு. விமானமும் கப்பலும் எரிக்கும் எரிபொருளை எந்த அழகான படமும் ஈடுகட்டாது. அண்டார்டிகக் கடலில் கனரக எரிஎண்ணெய் 2011 முதல் தடைசெய்யப்பட்டது நல்லது, ஆனாலும் புகை புகைதான். உடையிலோ பையிலோ உள்ள வெல்க்ரோ ஒட்டுப்பட்டையில் சிக்கிவரும் ஒரு விதையும் போதும்: அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் போவா அனுவா என்ற வெளியூர்ப் புல் வேரூன்றியிருக்கிறது. பையின் ஒவ்வொரு மூலையையும் உறிஞ்சு கருவியால் சுத்தம் செய்யச் சொல்லும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். என் முடிவைச் சொல்கிறேன்: மூன்று குறுகிய பயணங்களுக்குப் பதில் ஒரு நீண்ட பயணம், அதுவும் சிறிய கப்பலில். இதற்கும் மனம் ஒப்பாதவர்கள் போகாமல் இருப்பதை நான் மதிக்கிறேன்.

கேள்வி: ஒரு நாளில் இரண்டாயிரம் படங்கள் சேர்ந்துவிடும் என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் பிரதி எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். கப்பலின் இணையத்தை நம்பி இருக்காதீர்கள். அன்றன்று இரவே ஒரு சுற்றுக் கழித்துவிடுங்கள்.

கழிக்க மனம் வராதவர்களுக்கு ஃபிராங்க் ஹர்லியின் கதையைச் சொல்வேன். அவர் ஷாக்கிள்டன் தலைமையிலான அண்டார்டிகப் பயணத்தின் புகைப்படக் கலைஞர். அவர்களது எண்டியூரன்ஸ் கப்பல் 1915-இல் பனியில் நொறுங்கியபோது, மூழ்கிக்கொண்டிருந்த உடைசலுக்குள் இறங்கி, உறைநீரில் மூழ்கித் படங்கள் பதிந்த தன் கண்ணாடித் தகடுகளை மீட்டவர் அவர். ஆனால் எல்லாவற்றையும் சுமக்க வழியில்லை. ஷாக்கிள்டனோடு பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொரு தகடாகப் பார்த்தார். சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, பிறகு மனம் மாறிவிடக் கூடாதென்று மிச்சம் 400 தகடுகளை அங்கேயே உடைத்தார். அதன்பின் அவர் கையில் இருந்தது ஒரு சிறிய சட்டைப்பைக் கேமராவும் மூன்று ஃபிலிம் சுருள்களும்தான். அண்டார்டிகா அருகே எலிஃபண்ட் தீவில் மீட்புக்காகக் காத்திருந்த மாதங்களை அவற்றைக் கொண்டுதான் படமெடுத்தார்.