குறைந்த செலவில் நெடுந்தொலைவு ரைஃபிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெளிநாடுகளில் குழல், விசை, தோளில் சார்த்தும் கட்டை ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, தங்கள் உடலுக்கேற்ற நெடுந்தொலைவு ரைஃபிளைத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் நல்ல கடைசல் பட்டறை இருக்கிறது. ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குள் அப்படியொன்றைச் செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், திருவையாறு

பதில்: முடியாது, முயலவும் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி செய்வதை மட்டுமல்லாமல் பழுது பார்ப்பதையும் தடுக்கிறது. துப்பாக்கியின் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரங்களும்கூட அச்சட்டத்தின் பார்வையில் ஆயுதங்களே என்பதால், ஒரு குழலை மட்டும் கடைந்து வாங்கினாலும் குற்றம் குற்றமே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, உரிமமற்ற தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை உண்டு. உங்கள் பட்டறைக்காரரையும் இதில் இழுத்துவிட வேண்டாம்.

ஆனால் உங்கள் விருப்பத்தின் உட்கருத்து, உடலுக்கேற்ற ஒரு கருவியைக் கொண்டு துல்லியமாகச் சுட வேண்டும் என்பதுதான் என்றால், அதற்குச் சட்டம் அனுமதிக்கும் நேரான பாதை, காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்குரிய ஏர் ரைஃபிளின் ஆற்றல் அந்த வரம்பில் பாதியைக்கூட எட்டாது.

பத்து மீட்டர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே. நெடுந்தொலைவு ரைஃபிளின் தோட்டா நொடிக்கு ஏறத்தாழ 800 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. ஏர் ரைஃபிளின் சிறு குண்டான பெல்லட்டோ நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் செல்கிறது. அது குழலை விட்டு வெளியேறக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால், விசையை இழுத்த பிறகு தோளிலோ கன்னத்திலோ ஏற்படும் சிறு அசைவும் இலக்கில் பதிந்துவிடும். இந்தக் காரணத்தினால்தான், 300 மீட்டர் சுட விரும்புகிறவருக்கும் இதைவிட நல்ல ஆசான் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். 300 மீட்டர் ரைஃபிளோ 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இடம்பெறவே இல்லை.

இனி உங்கள் பணம். இறக்குமதியான போட்டி ரைஃபிளைப் புதிதாக வாங்கினால் உங்கள் தொகை போதாது. பழையது கிடைத்தால், குழலைப் பார்ப்பதற்கு முன் காற்று உருளையில் பொறித்துள்ள தயாரிப்பு நாளைப் பாருங்கள். 200 பார் அழுத்தத்தைத் தாங்கும் அந்த உருளையின் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டுகளே. உள்நாட்டுத் தயாரிப்பை வாங்கி, மிச்சத்தைச் சுடும்போது அணியும் விறைப்பான மேலங்கி, காற்சட்டை, பெல்லட் ஆகியவற்றுக்கு ஒதுக்குவது அறிவுடைமை. பெல்லட்டில் பல வகைகளைச் சிறு அளவில் வாங்கி, துப்பாக்கியைப் பிடிப்பானில் பொருத்திச் சுட்டு, எந்த வகை இலக்கில் மிக நெருக்கமாகக் குவிகிறது என்று பாருங்கள். விலையுயர்ந்த பாகத்தை மாற்றுவதைவிட இது பல வேளைகளில் அதிகப் பலன் தரும். கன்னம் படியும் கட்டையையும் தோள் தகட்டையும் உங்கள் அளவுக்குச் சரிசெய்துகொள்வதே உண்மையான தனிப்பட்ட வடிவமைப்பு. கன்னக்கட்டை போதாவிட்டால், பூவரசிலோ வாகையிலோ ஒரு துண்டை இழைத்துத் தரும்படி ஊர்த் தச்சரிடம் கேட்கலாம். உலோகப் பாகங்களில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, திருச்சி ரைஃபிள் கிளப் போன்ற ஓரிடத்தில் சேர்ந்து, கிளப் துப்பாக்கியிலேயே சில மாதங்கள் பழகுங்கள். மாநிலப் போட்டி 2022-இல் அங்கேயே நடந்தது. தோட்டாவால் சுடும் 50 மீட்டர் பிரிவுக்கு முன்னேறும்போது, அதற்குரிய உரிமம் பற்றிய வழிகாட்டலும் கிளப் வழியாகவே கிடைக்கும்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் துப்பாக்கி சுடப் பழகுகிறாள். உடனே விலை கூடிய ரைஃபிளை வாங்கிக் கொடுக்க வேண்டுமா?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: வேண்டாம், அம்மா. போட்டி ரைஃபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்க விதி இடம் தருகிறது. வளரும் பிள்ளையின் முதுகெலும்புக்கு அது பெரும் சுமை. எடை குறைந்த, கட்டை நீளத்தைக் குறைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கியே இப்போது போதும். உயரம் கூடக்கூட அளவுகளும் மாறும் என்பதால், இன்று பெருந்தொகை போட்டு வாங்குவது இரண்டே ஆண்டுகளில் பொருந்தாமல் போகலாம். பெல்லட் இல்லாமலே வெறும் விசை இழுக்கும் பயிற்சியை, ரைஃபிளில் அதற்கான அமைப்பு இருந்தால், வீட்டில் நாள்தோறும் செய்யச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை. கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற செய்தியையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் பத்து மீட்டர் இடம் இருக்கிறது. உப்புக் காற்றால் துப்பாக்கி துருப்பிடிக்குமா? கொல்லையில் வரும் கொக்குகளைச் சுட்டுப் பழகலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: கொக்கைச் சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கோடியக்கரைச் சரணாலயத்தின் வாசலில் வாழும் நீங்கள், பறவைகளின் பக்கம் துப்பாக்கியைத் திருப்பவே வேண்டாம். ரேழியிலிருந்து கொல்லைவரை நேராக ஓடும் பழைய வீடானால் பயிற்சிக்கு ஏற்றதுதான். இலக்கின் பின்னே பெல்லட்டைத் தடுத்துப் பிடிக்கும் இரும்புத் தகட்டுப் பொறியும், அதற்குப் பின்னே செங்கற்சுவரும் இருக்க வேண்டும். சுடும்போது குறுக்கே கதவு எதுவும் திறக்கக் கூடாது. பெல்லட் ஈயத்தால் ஆனது. முடித்தவுடன் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். துருவைத் தடுக்க, வெளி உலோகத்தை மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு நாளும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் பெட்டியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் அப்பைகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.