பென்டிரைவில் ஐஎஸ்ஓ இருக்கிறது, கணினிக்கு ஏன் தெரியவில்லை?

கேள்வி: என் மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ நினைக்கிறேன். ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கி 16 ஜிபி பென்டிரைவில் காப்பி செய்து, ரீஸ்டார்ட் செய்தேன். பழைய விண்டோஸே திறக்கிறது. எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர்கூட இல்லை. என்ன தவறு செய்தேன்?

பதில்: கோப்பை அப்படியே காப்பி செய்ததுதான் சிக்கல். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு டிஸ்க்கின் உள்ளடக்கத்தையும் ஒரே கோப்பாகச் சுருட்டி வைத்திருக்கும் பொட்டலம். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை இருமுறை கிளிக் செய்தால் திறந்து காட்டும். ஆனால் கணினியை ஆன் செய்த முதல் சில விநாடிகளில் விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அப்போது வேலை செய்வது மதர்போர்டில் இருக்கும் சிறிய மென்பொருள் மட்டும்தான். அதற்கு ஐஎஸ்ஓவைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

அது எதைத் தேடுகிறது என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது. அந்த மென்பொருளின் பழைய வகை பயாஸ். அது டிரைவின் முதல் 512 பைட்டைப் படித்து அங்கே இருக்கும் சிறு நிரலை ஓட்டும். இப்போதைய கணினிகளில் உள்ள புதிய வகையான யூஇஎஃப்ஐ அப்படிச் செய்வதில்லை. ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பார்ட்டிஷன் (டிரைவின் ஒரு பகுதி) ஒன்றைத் தேடி, அதில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் பென்டிரைவைத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு பெரிய கோப்புதான் இருக்கும். சரியாகத் தயாரித்த பென்டிரைவில் இஎஃப்ஐ, பூட், சோர்சஸ் என்று ஃபோல்டர்களும் செட்டப் கோப்பும் வெளியே தெரியும்.

சரி, அதைத் தயாரிக்கலாம். முதலில் பென்டிரைவில் உள்ளவற்றை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். எல்லாம் அழிந்துவிடும். 8 ஜிபியே போதும், உங்களுடையது 16 என்பதால் கவலை இல்லை. ஐஎஸ்ஓவைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை அங்கே கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தே அந்த எண்ணை எடுக்கலாம். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தால் நிறுவல் 60 சதவீதத்தில் வந்து நின்றால் பழைய விண்டோஸும் இல்லை, புதியதும் இல்லை என்ற நிலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

விண்டோஸ் மட்டும்தான் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலே பதிவிறக்கி எழுதியும் தந்துவிடும். கையில் ஐஎஸ்ஓ ஏற்கெனவே இருப்பதால் அதைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் என்ற மென்பொருளைச் சொல்வேன். இலவசம், நிறுவாமலே ஓடும். பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்துவிட்டு, பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். டிரைவைப் பகுதிகளாகப் பிரிக்கும் இரு முறைகளில் எது வேண்டும், ஜிபிடியா (புதியது), எம்பிஆரா (பழையது)? விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் பயாஸ் மோடு என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் ஜிபிடி, லெகசி என்று இருந்தால் எம்பிஆர். அப்புறம் ஸ்டார்ட்.

கையால் செய்து பார்ப்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பென்டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்து, ஐஎஸ்ஓவைத் திறந்து உள்ளே இருப்பவற்றை இழுத்துப் போட்டாலே யூஇஎஃப்ஐ கணினியில் பூட் ஆகவேண்டும். ஆனால் ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இப்போதைய விண்டோஸ் ஐஎஸ்ஓக்களில் சோர்சஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம் என்ற கோப்பு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறது. சரி, பெரிய கோப்புகளை ஏற்கும் என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மேட்டைப் போடலாம் என்றால் பல யூஇஎஃப்ஐகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ரூஃபஸ் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. பெரிய பகுதியை என்டிஎஃப்எஸ்ஸாக்கிவிட்டு, கடைசியில் மிகச் சிறிய ஃபேட் பகுதி ஒன்றைச் சேர்க்கிறது. கணினி அந்தச் சின்னப் பகுதியிலிருந்து எழுந்து, என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் திறனை அங்கே பெற்று, பெரிய பகுதிக்குப் போகிறது. ரூஃபஸின் பழைய பதிப்புகளில் இதற்காக செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பை) அணைக்க வேண்டியிருந்தது. ஆகவே புதிய பதிப்பையே பயன்படுத்துங்கள்.

ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்யும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது என்பவர்களுக்கு வென்டாய் என்ற மென்பொருள் இருக்கிறது. அதை ஒருமுறை பென்டிரைவில் நிறுவிவிட்டால், பிறகு எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் சாதாரணக் கோப்பு போலப் போடலாம். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் முதல்முறை அதன் சாவியைப் பதிய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அடிக்கடி லினக்ஸ் வகைகளை மாற்றிப் பார்ப்பவர்களுக்கு இதைவிட வசதி இல்லை.

எந்தக் கருவியானாலும் சரி, எழுதத் தொடங்கும் முன் மற்ற எல்லா வெளி டிரைவ்களையும் கழற்றிவிடுங்கள். லினக்ஸில் டிடி கட்டளையால் எழுதும்போது ஒருமுறை டிரைவின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். பக்கத்தில் செருகியிருந்த ஹார்டு டிஸ்க்கில் பல வருடப் புகைப்படங்கள் இருந்தன. டிடி எதையும் கேட்காது, உடனே எழுதத் தொடங்கிவிடும். சில விநாடிகளில் நிறுத்தியும் எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை. அன்றிலிருந்து டிரைவின் கொள்ளளவைப் பார்க்காமல் என்டரைத் தொடுவதில்லை.

இனி பூட் செய்வது. விண்டோஸில் ஷட் டவுன் கொடுப்பது பல கணினிகளில் முழு நிறுத்தம் ஆகாது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் யூஸ் எ டிவைஸ் என்று வந்தால் அங்கேயே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம். வரவில்லை என்றால் ஆன் ஆனதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9.

சில கணினிகளில் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும். ஒன்றில் பெயருக்கு முன் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. இதில் தவறானதைத் தொட்டால், பார்ட்டிஷன் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் 'இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது' என்று வந்து நிற்கும், ஜிபிடி, எம்பிஆர் என்று காரணமும் சொல்லும். பதறிப்போய் பார்ட்டிஷன்களை அழிக்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்து மற்ற வரியைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியைக் கையாள விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறது. அதற்கான டிரைவர் (அதை இயக்கும் சிறு மென்பொருள்) இல்லாவிட்டால் டிஸ்க் தெரியாது. அதன் டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, லோட் டிரைவர் என்பதில் காட்டுங்கள். இதை முன்கூட்டியே செய்துவைத்தால் நல்லது. இணையம் இருக்கும் ஒரே கணினி அதுதான் என்றால் கட்டாயம் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் ரெகவரி கீயையும் இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் எதையாவது மாற்றியதும் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம்.

கோப்புகள் காப்பியாகி முதல் ரீஸ்டார்ட் ஆனதும், மறுபடி முதல் திரையே வந்தால் கணினி திரும்பவும் பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது என்று பொருள். அதைப் பிடுங்கிவிட்டு மீண்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், மீதி வேலை டிஸ்க்கிலிருந்தே நடக்கும். வேலை முடிந்த பிறகு பென்டிரைவ் கொள்ளளவு குறைந்தது போல் காட்டினால், ரூஃபஸிலேயே பூட் செலக்‌ஷனில் 'நான்-பூட்டபிள்' (Non bootable) என்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள், 16 ஜிபியும் திரும்பி வந்துவிடும்.